ஹட்டன்ல ஒரு பொது அறிவு கிளாஸ்: ஜுண்டா, ஜுண்டோ, அப்புறம் அந்த மங்கின டியூட்

போட்டிப் பரீட்சைக்கு படிக்கிற நம்ம பக்கத்து புள்ளைங்க நெறைய பேரு கேக்குறாங்க, ஹட்டன் டவுன்ல புடவைக் கடைக்கு மேல் மாடியில பின்னேரம் நடக்குதே அந்த பொது அறிவு கிளாஸ், அதுக்கு போகலாமா, குடுக்குற காசுக்கு ஏதாவது கெடைக்குமான்னு. கிளாஸ் பேரும் போடல, சேர் பேரும் போடல, ஏன்னா கீழ கொஞ்சம் கொறையும் சொல்லப் போறேன், போனவங்களுக்கு எதுன்னு புரியும், அது போதும். இன்னொன்னையும் முன்னுக்கே சொல்லிடுறேன், நான் வேலை செய்ற கொமினிகேஷன்லதான், அதாவது போட்டோ கொப்பிக் கடையிலதான், அவரோட டியூட் (அச்சடிச்ச பாடக் குறிப்பு) எல்லாம் கொப்பி அடிக்கிறாங்க, எங்க மொதலாளிக்கு வியாபாரம் குடுக்குற ஆளப் பத்தி எழுதுறேன்னு தெரிஞ்சுக்கிட்டே படிங்க.

பாஸ்ட் பேப்பர் அடிச்சு அடிச்சு எம்.சி.கியூ மார்க்ஸ் எடுக்கணும், மத்தது ஒன்னும் வேணாம்னு இருக்கவங்க இங்க வராதீங்க. நுண்ணறிவு பேப்பருக்கும் இது சரி வராது, அவரு அந்தப் பக்கமே போறதில்ல. ஒரு பாடத்த எடுத்தா அதுலயே நின்னுக்கிட்டு கிண்டிக்கிட்டே இருப்பாரு, சிலபஸ் முடியாது, பரீட்சை கிட்ட வந்த பெறகு கடைசி டியூட்ட மொத்தமா கையில குடுத்து வீட்ல பாத்துக்கோங்கம்பாரு. இதுக்காகவே பாதியில நின்னவங்க இருக்காங்க, அவங்க கோவத்துலயும் ஞாயம் இருக்கு. ஆனா நான் நிக்கல, ஏன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு பின்னேரம் நடந்த பாடத்த எடுத்துக்கிறேன்.

உலக அரசியல் டியூட்ல ரெண்டு வரி இருக்கும், அப்படியே போடுறேன். "ஜுண்டா: சிறு அரசியல் குழு. ஜுண்டோ: மேற்படி." அவ்வளவுதான். மேற்படின்னா என்னா மேற்படி, ரெண்டும் ஒன்னுன்னா எதுக்கு ரெண்டு வரி, ஒருவேள டைப் அடிச்ச புள்ளை ஒரே சொல்ல ரெண்டு தடவ அடிச்சிருச்சோன்னு எங்களுக்குள்ள பேச்சு. மஸ்கெலியா பக்கத்து தம்பி ஒருத்தன் கைய தூக்கி, சேர் இதுல ஒன்னு ஸ்பெல்லிங் மிஸ்டேக்தானே வெட்டிறவான்னு கேட்டான். சேரு சிரிச்சாரு. வெட்டாதீங்க மகன், ஆனா நீங்க சொன்னதுல பாதி சரி, அந்த ஓ ஒரு காலத்துல வெள்ளைக்காரன் விட்ட மிஸ்டேக்தான், பெறகு அது தனி வீடு கட்டிக்கிட்டு போயிருச்சுன்னாரு. அன்னைக்கு எடுக்க இருந்த ஐக்கிய நாடுகள் சபை பாடம் அதோட போச்சு.

ஜுண்டாங்கிறது ஸ்பானிய சொல்லு, அவங்க வாயில ஹுன்ட்டான்னு வரும், சேர்றது கூடுறதுங்கிற லத்தீன் வேருலருந்து வந்தது, கூட்டம், சபை, அவ்வளவுதான் அர்த்தம். அங்க இன்னைக்கும் அதுல பட்டாளமும் இல்ல துப்பாக்கியும் இல்ல. ஸ்பெய்ன்ல அண்டலூசியா மாகாணத்து அரசாங்கத்துக்கு பேரே ஜுண்டாதான், போர்த்துகல்ல நம்ம பிரதேச சபைய விட சின்னதா ஊர் மட்டத்துல ஒரு சபை இருக்கு, அதுக்கும் ஜுண்டாதான், கம்பெனி பங்குதாரர் கூட்டத்துக்கும் ஸ்பானியத்துல அதே சொல்லுதான். போகவந்தலாவ அக்கா ஒருத்தங்க, அப்ப அந்த ஊருக்கு போயி ஐயோ ஜுண்டா ஆட்சியான்னு பயந்தா சிரிப்பாங்கதானேன்னாங்க, கிளாஸே சிரிச்சிச்சு.

அப்ப எப்படி அது பட்டாளத்துக்கு போச்சுன்னா, இங்கதான் சேரோட கைவரிசை, வருஷத்த எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணுன்னு சொல்றதுக்கு பதிலா கதைய இழுத்துக்கிட்டு போனாரு. 1808ல நெப்போலியன் ஸ்பெய்ன் ராஜாவ எறக்கிட்டு தன்னோட அண்ணன் ஜோசப்ப உக்கார வச்சான், சனங்க ஒத்துக்கல, ராஜா இல்லாத நாட்ல அங்கங்க ஊர்ப் பெரியவங்க கூடி சபை அமைச்சு அவங்களே ஆட்சிய கையில எடுத்தாங்க, அதுதான் ஜுண்டாக்கள், அந்த வருஷம் செப்டம்பர்ல எல்லாத்துக்கும் மேல ஒரு மத்திய ஜுண்டாவும் வந்துச்சு. ரெண்டு வருஷத்துல அந்த பழக்கம் கடல் தாண்டி போயிருச்சு. 1810 மே 25 புவனோஸ் அயர்ஸ்ல மொத ஜுண்டா, அதே வருஷம் செப்டம்பர் 18 சிலியில ஒன்னு, சிலிக்காரங்க இன்னைக்கும் தேசிய தினம் கொண்டாடுறது அந்த செப்டம்பர் 18லதான். அதாவது அங்க ஜுண்டான்னா மொதல்ல சுதந்திரத்தோட சேர்ந்த பேரு.

அதே சிலியில 1973 செப்டம்பர் 11, தரைப்படை பினோசே, கடற்படை மெரினோ, விமானப்படை லேய், பொலிஸ் மென்டோசா, இந்த நாலு பேரும் ஜனாதிபதி அலெண்டே அரசாங்கத்த கவுத்துட்டு தங்களுக்கு வச்சுக்கிட்ட பேரும் ஜுண்டா. 1976 மார்ச்ல ஆர்ஜென்டினாவுல முப்படைத் தளபதி மூணு பேரு, விடேலா, மசேரா, அகோஸ்டி. அதுக்கு முன்னாடியே 1967ல கிரேக்கத்துல கேர்ணல்மார் புடிச்ச ஆட்சிக்கும் உலகம் இந்தப் பேரையே வச்சிருச்சு. இப்படி போயிப் போயி, 2021 பெப்ரவரி 1 மியன்மார்ல பட்டாளக்காரங்க ஆங் சான் சூ கீய புடிச்சு உள்ள போட்டாங்களே, அன்னைக்கு நியூஸ்ல ஜுண்டான்னு கேட்டப்ப யாரும் ஊர்ச் சபைன்னு நெனைக்கல. நம்ம பேப்பர்கள்ல இராணுவ ஆட்சிக்குழுன்னு போடுவாங்க, சேருக்கு அந்த சொல்லு புடிக்கும், ஆனா அது 1808க்கு சரி வராதுன்னு பரீட்சையில ஞாபகம் வச்சுக்கோங்கன்னாரு.

ஒரு விஷயத்த அழுத்திச் சொன்னாரு, ஒரே ஒரு ஜெனரல் மட்டும் உக்காந்தா அது ஜுண்டா இல்ல, அது தனி மனுஷன் சர்வாதிகாரம். குழுவா இருக்கணும். சிலியில பினோசே ஜனாதிபதின்னு ஆன பெறகும் ஜுண்டா கலையல, 1990 வரைக்கும் சட்டம் போடுற வேலைய அதுதான் செஞ்சிச்சு. இத எந்த பாஸ்ட் பேப்பர் புக்லயும் நான் பாக்கல.

சரி ஜுண்டோ. ஸ்பானியத்துல ஒரு குழுவுக்கு ஜுண்டோன்னு பேரு கெடையாது, சேர்ந்துங்கிற மாதிரி ஒரு அடைமொழியா மட்டும் இருக்கு. இங்கிலிஷ்காரன் 17ஆம் நூற்றாண்டுல, ஸ்பானிய சொல்லுன்னா ஓ-லதான் முடியும்னு அவனா முடிவு பண்ணி ஜுண்டாவ ஜுண்டோ ஆக்கிட்டான், வாயில ஜன்ட்டோன்னு வரும். ஒட்டுன ஓ-வோட அர்த்தமும் கோணிருச்சு. பாராளுமன்றத்துக்குள்ளயோ ஒரு கட்சிக்குள்ளயோ நாலஞ்சு பேரு ஒன்னா இருந்துக்கிட்டு காரியம் சாதிக்கிறாங்க பாருங்க, அதுக்கு ஜுண்டோ. பொதுவா மத்தவங்க வைக்கிற பேரு, கொஞ்சம் குத்தலோட வைக்கிறது. பேர்போன ஆளுங்க இங்கிலாந்துல மூணாவது வில்லியம், அப்புறம் ஆன் ராணி காலத்து விக் கட்சித் தலைவர்மாரு, சோமர்ஸ், மொண்டேகு, வார்ட்டன், ரஸ்ஸல், பெறகு சண்டர்லண்ட். ஆளாளுக்கு மந்திரிப் பதவி வந்துச்சு போச்சு, ஆனா ஜுண்டோங்கிறது ஒரு பதவியே இல்ல, அதுக்கு முத்திரை இல்ல, கந்தோர் இல்ல, அவங்க அஞ்சு பேரும் சேர்ந்து நின்னா நடக்கும், நிக்காட்டி நடக்காது, அதுதான்.

இந்த எடத்துல நாங்க முழிச்சோம். ரெண்டும் சின்ன குழு, ரெண்டும் அதிகாரம், என்னாத்த வச்சு பிரிக்கிறது. சேரு போர்ட்ட அழிச்சுட்டு, சரி உங்க தோட்டத்து கோயில் கமிட்டிய எடுங்கன்னாரு. மாரியம்மன் திருவிழா நோட்டீஸ்ல தலைவர் செயலாளர் பொருளாளர்னு மூணு பேரு போட்டிருக்கும், அது கமிட்டி. ஆனா தேர் எந்த டிவிஷன் வழியா போவணும், கரகம் யாரு தூக்கணும்னு நெசமா முடிவு பண்றது யாரு? பின்னுக்கிருந்து ஒரு குரல், மதகு மேல உக்காந்திருக்க மாமாமாருன்னு. நாலு மாமாமாரு, அவங்க பேரு நோட்டீஸ்ல இல்ல, யாரும் எலெக்ஷன் வச்சு போடல, ஆனா தலைவரு அவங்கள கேக்காம ஒரு வாழைமரம் கூட கட்ட மாட்டாரு. அதுதான் ஜுண்டோன்னாரு. அதே நாலு பேரு ஒரு நாளைக்கு கமிட்டிய கலைச்சாச்சுன்னு சொல்லி, கோயில் சாவியையும் உண்டியலையும் எடுத்துக்கிட்டு, தங்க பேருலயே புது நோட்டீஸ் அடிச்சு ஒட்டுனா? தம்பி உடனே, ஜுண்டா சேர்! ஆமா, இப்ப ஒளிஞ்சு நிக்கல, கதிரையில உக்காந்துட்டாங்க, கட்டளை அவங்க பேருலயே வருது.

இத விட சுருக்கமா யாராலயும் சொல்ல ஏலாது. நான் கேட்ட வரைக்கும் வேற கிளாஸ்கள்ல இந்த மாதிரி சொல்லுக்கு ஒரு வரி மீனிங் எழுதிப் போட்டுட்டு அடுத்ததுக்கு போயிருவாங்க.

அப்புறம் கேள்விகள் ஆரம்பிச்சிச்சு பாருங்க. ஒருத்தரு 1962ல நம்ம நாட்ல பொலிஸ், ஆமி ஆபிசர்மாரு சிறிமாவோ அம்மா அரசாங்கத்த கவுக்க பாத்தாங்களே அது ஜுண்டாவான்னு கேட்டாரு. ஜனவரி 27 ராத்திரி திட்டம் கசிஞ்சு நடக்காம போச்சு, வழக்கு நடந்து தண்டனை குடுத்து, பெறகு அப்ப நமக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்த தண்டனைய ரத்துப் பண்ணிருச்சு, அது ஒரு சதி முயற்சி, ஆட்சியில உக்காராதவங்கள ஜுண்டான்னு எழுதாதீங்கன்னாரு. இது நெசமாவே பேப்பர்ல வரக்கூடிய கேள்வி, குறிச்சு வச்சுக்கோங்க.

அடுத்த கேள்விதான் சூடு. எங்க பக்கத்து ஆளு ஒருத்தரு, அப்பா காலத்துலருந்து தோட்டத்துல சம்பளப் பிரச்சினை பாத்தவரு, சேர் அந்த கூட்டு ஒப்பந்தத்துல உள்ள போயி கம்பெனிக்காரங்களோட பேசிட்டு வருவாங்களே நம்ம தொழிற்சங்கத் தலைவர்மாரு, அவங்கதானே ஜுண்டோன்னு கேட்டுட்டாரு. கிளாஸ் அமைதி, ஏன்னா அங்க எல்லா சங்கத்து புள்ளைங்களும் இருக்கு. சேரு நழுவ மாட்டாருன்னு எனக்கு தெரியும், நழுவல. பேசுன சங்கங்களோட பேரு ஒப்பந்தத்துலயே இருக்கு, கையெழுத்து இருக்கு, யாரு போட்டாங்கன்னு தோட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும், அதனால அவங்கள திட்டணும்னா பேரு சொல்லி திட்டலாம், அது ஜுண்டோ இல்ல. 2021ல தோட்டத்துக்கு ஆயிரம் ரூவா நாள் கூலி சம்பள நிர்ணய சபை வழியா வந்துச்சு, அதுவும் சட்டத்துல இருக்க ஒரு சபை, அதுவும் இல்ல. ஒப்பந்தம் நல்லதா கெட்டதாங்கிறது வேற கேள்வி, அதுக்கு வேற நாளைக்கு வாங்கன்னாரு. கேட்டவருக்கு திருப்தி இல்ல, முணுமுணுத்துக்கிட்டேதான் இருந்தாரு. எனக்கும் முழுசா திருப்தி இல்லதான், ஏன்னா கையெழுத்து போடுறவங்களுக்கு பின்னால யாரு இருக்காங்கன்னுதான் அவரு கேட்டதே, சேரு சொன்னது முன்னால இருக்கவங்கள பத்தி. கோயில் கமிட்டிக் கதைய அவரே சொல்லிட்டு அத இங்க கொண்டு வராம விட்டது எனக்கு ஒரு கொறையாவே பட்டுச்சு. ஆனா ஒரு பக்கம் சாயாம பாடம் நடத்துறதுன்னா நம்ம ஊர்ல அது லேசு இல்ல, மறுநாளே எந்த சங்கத்துலருந்து கோல் வரும்னு தெரியாது.

ஜுண்டோன்னா எப்பவும் கெட்டதுன்னு நெனைச்சு போயிறாதீங்கன்னு கடைசியா ஒரு கதை சொன்னாரு, எனக்கு ரொம்ப புடிச்சது அது. 1727ல பிலடெல்பியாவுல பெஞ்சமின் பிராங்க்ளின், அப்ப அவருக்கு வயசு 21, ஒரு அச்சகத்துத் தொழிலாளி, வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடுற ஒரு சின்ன வட்டம் சேத்து அதுக்கு தானே ஜுண்டோன்னு பேரு வச்சாரு. யாரு யாருன்னா அச்சு வேலை செய்றவங்க, கண்ணாடி போடுறவரு, நில அளவையாளரு, சப்பாத்து தைக்க பழகுனவரு, தச்சு வேலைக்காரரு, கடையில கிளார்க்கு, தோல் ஏப்ரன் கட்டுனவங்க சங்கம்னும் அதுக்கு பேரு. ஒவ்வொருத்தரா ஒழுக்கம், அரசியல், விஞ்ஞானம்னு கேள்வி கொண்டு வரணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு கட்டுரை எழுதி வாசிக்கணும், நான் சொல்றதுதான் சரின்னு அடிச்சுப் பேசுனா கொஞ்சம் அபராதம். இந்த ஆளுங்க மத்தியிலருந்துதான் 1731ல சந்தா கட்டி புத்தகம் எடுக்குற லைப்ரரி வந்துச்சு, 1736ல தீயணைப்பு கம்பெனி வந்துச்சு. பன்னெண்டு பேருக்கு மேல சேக்க வேணாம்னு முடிவு, அப்புறம் நெறைய பேரு கேக்கவும், நீங்க ஒவ்வொருத்தரும் தனியா ஒரு வட்டம் அமைங்க, ஆனா இதோட தொடர்ப வெளிய சொல்லாதீங்கன்னு பிராங்க்ளினே யோசனை சொன்னாராம். இப்ப பாருங்க, இது அரசாங்கத்த புடிக்கல, கதிரை கேக்கல, ஆனா ஊர்ல ஒரு விஷயத்துக்கு ஆதரவு வேணும்னா சத்தமில்லாம நாலா பக்கமும் பேச்ச கெளப்ப ஏலும். அதனாலதான் அதுக்கும் ஜுண்டோன்னு பேரு பொருந்துது. அடிச்சுப் பேசுனா அபராதம்ங்கிறத நம்ம கிளாஸ்லயும் வைப்போமான்னு சேரு கேட்டாரு, அப்ப மொத அபராதம் உங்களுக்குதான் சேர்னு அந்த அக்கா சொல்லிட்டாங்க.

பழைய இங்கிலிஷ் புத்தகங்கள்ல ரெண்டு சொல்லையும் மாத்தி மாத்தி போட்டிருப்பாங்க, டிக்ஷனரியும் ஒன்னுக்கு ஒன்னு சொல்லும், அதனால டியூட்ல மேற்படின்னு இருக்கது சுத்தப் பொய்யும் இல்ல. ஆனா இன்னைக்கு பேப்பர் படிக்கிறவனுக்கு அந்த மேற்படி உதவாது. சேருகிட்ட இருக்க அறிவுக்கும் அவரு அடிக்கிற டியூட்டுக்கும் சம்பந்தமே இல்ல, இதுதான் என்னோட பெரிய முறைப்பாடு. வாயில சொல்றதுல கால்வாசி கூட பேப்பர்ல இல்ல, வராதவன் டியூட்ட மட்டும் வாங்கிப் படிச்சா ஒன்னும் வெளங்காது. எழுத்தும் மங்கல், அது எங்க கடை மெசின் பிழை இல்லைங்க, அவரு குடுக்குற ஒரிஜினலே கொப்பியோட கொப்பியோட கொப்பி, புதுசா டைப் பண்ணித் தாங்க சேர்னு நானே கேட்டாச்சு, பாப்போம் மகள் பாப்போம்னு சொல்லிக்கிட்டு இருக்காரு.

மத்த விஷயங்கள். மாசத்துக்கு 2000 ரூவா, டியூட்டுக்கு தனியா காசு, வேலை இல்லாத புள்ளைங்கன்னு தெரிஞ்சா பிந்திக் குடுத்தாலும் ஒன்னும் கேக்க மாட்டாரு. பாட்டி தாத்தா செத்த வீடுன்னு சொல்லி லீவு போட்டவங்களுக்கு அடுத்த நாள் அந்த பாடத்த சுருக்கி சொல்லித் தருவாரு. ரூம் சரியான குளிரு, யன்னல் ஒன்னு மூடாது, மழை அடிச்சா அந்தப் பக்கம் பெஞ்ச் நனையும், ஸ்வெட்டர் இல்லாம வராதீங்க. டொய்லெட்டுக்கு கீழ கடையில சாவி கேக்கணும், பொம்பளைப் புள்ளைங்களுக்கு அது கஷ்டம், இத பல பேரு சொல்லியும் சரி பண்ணல. மைக் தேவையில்ல, அவரு குரல் ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும்.

பெரிய பிரச்சினை நேரம். முடியிற நேரம்னு போட்டிருக்கதுல ஒரு நாளும் முடியாது, இந்த ஜுண்டோ பாடத்தன்னைக்கு மஸ்கெலியா, போகவந்தலாவ ஆளுங்க பாதிக் கதையில எழும்பி பஸ்ஸுக்கு ஓடுனாங்க, பிராங்க்ளின் கதை அவங்களுக்கு கெடைக்கல, அதுக்காகவும்தான் இங்க விவரமா எழுதுனேன். டிக்கோயா வரைக்கும்னா மூணு நாலு பேரு சேர்ந்து த்ரீவீல் புடிச்சுக்கலாம், அதுக்கு அங்கால போறவங்க சேருகிட்ட மொத நாளே சொல்லி முன் பெஞ்சுல கதவுப் பக்கம் எடம் கேட்டுக்கோங்க.

அஞ்சுக்கு நாலு போடுறேன். கழிச்ச ஒன்னு டியூட்டுக்கும் டொய்லெட்டுக்கும் சேத்து. பரீட்சைக்கு இன்னும் ஆறு மாசத்துக்கு மேல இருக்கு, பேப்பர்ல வர்ற நியூஸ வெளங்கி வாசிக்கணும்னு ஆசை இருக்குன்னா சேருங்க. அடுத்த மாசம் பரீட்சைன்னா வேற எடம் பாருங்க, ஐக்கிய நாடுகள் சபை பாடமே எங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கல. புதுசா சேர்றவங்க மாசத்து மொத சனிக்கிழமை நேரா போயி பேரு குடுக்கலாம், அடையாள அட்டை கொப்பி ஒன்னு கேப்பாரு, அத எங்க கடையிலயே அடிச்சுக்கலாம்.